பேத்தை மீனும் கண்ணாடித் தொட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் இல்லத்தில் வளர்க்கும் உயிரினங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அவ்வுயிரினங்களோடு நின்றுவிட முடிவதில்லை. வளர்த்தோர் வாழ்ந்த நிலம், அருந்திய நீர், நடத்திய வாணிகம், பெற்ற கல்வி ஆகிய யாவும் அவ்வரலாற்றினுள் வந்து சேர்கின்றன. ஆவும் ஆடும் கோழியும் நம்மவர் வாழ்வில் பெற்ற இடம் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனோ பொழுதுபோக்குப் பொருளென்று கருதப்பட்டு ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. அத்தகைய மீன்களுள் ஒன்றாகிய பேத்தையைப் பற்றியது இக்கட்டுரை. யாழ்ப்பாணத்துக் கரையோர மக்கள் நஞ்சென்று விலக்கிய ஒரு மீனினத்தின் உறவுகள் ‘நன்னீர்ப் பேத்தை’ என்ற பெயரோடு வீட்டுத் தொட்டிக்குள் வந்து சேர்ந்தவாற்றையும், அப்பெயருள் மறைந்து கிடக்கும் சிக்கலையும், ஆறில்லாத குடாநாடு ஒன்றில் அச்சிக்கல் பெறும் பொருளையும் நோக்குவதே இதன் குறிக்கோளாகும்.

பெயரும் நஞ்சும்

பேத்தைக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை கடலிலும் கழிமுகங்களிலும் வாழ்வன. வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிப்பவை முப்பதுக்குச் சற்றுக் கூடக்குறையவே இருக்கும். பகைவரைக் கண்டவிடத்து நீரை விழுங்கி வயிற்றைப் பந்துபோலப் பருக்கச் செய்வது இவற்றின் பொது இயல்பு. மேலிரண்டும் கீழிரண்டுமாக அமைந்த நான்கு பற்றகடுகள் ஒன்றோடொன்று பொருந்திக் கிளியின் அலகினைப் போல விளங்குகின்றன. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் இவற்றுக்கு இட்ட ‘தெத்ராவோடன்’ என்னும் பெயருக்கு ‘நாற்பல்லன்’ என்பதே பொருள். நத்தையின் ஓட்டையும் நண்டின் கோதையும் நொறுக்குதற்கென அமைந்த இப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பன. நொறுக்குதற்கு எதுவும் கிடையாதவிடத்துப் பற்கள் அளவிறந்து வளர, மீன் வாய்திறந்து உண்ண இயலாமல் மெலிந்து இறக்கும். தொட்டியில் வளர்ப்போர் மறக்கலாகாத முதற் செய்தி இதுவாகும்.

கடனீரேரியில் வலை வீசுவோர் பேத்தையை அறிந்தது பெரும்பாலும் அதன் நஞ்சினாலேயே ஆகும். ஈரலிலும் சூலகத்திலும் மிகுந்தும், பல இனங்களில் தோலிலும் குடலிலும் அமைந்தும் காணப்படும் இந்நஞ்சு சமைப்பதனால் அழிவதில்லை. உண்டவரின் உதடும் நாவும் முதலில் மரத்துப்போக, பின்னர்க் கைகால்கள் தளர்ந்து, மூச்சு விடுதற்குரிய தசைகள் செயலிழக்கின்றன. இன்றளவும் இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சினைச் செயற்கையாகத் தொடரச் செய்வதே மருத்துவர் ஆற்றக்கூடிய பணி. 1774ஆம் ஆண்டில் நியூ கலிடோனியாத் தீவில் கப்பற் தலைவர் ஜேம்ஸ் குக்கும் உடன் சென்ற அறிஞர் இருவரும் இத்தகைய மீனொன்றின் ஈரலைச் சிறிதளவு சுவைத்து உயிர் தப்பிய நிகழ்ச்சி வரலாற்றிற் பதிவாகியுள்ளது. ஜப்பானிய அறிஞர் தஹாரா 1909ஆம் ஆண்டில் இந்நஞ்சுக்குத் ‘தெத்ரோடோடொக்சின்’ எனப் பெயரிட்டார். அதன் வேதியியல் அமைப்பு 1964ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. நரம்புகளில் சோடியம் செல்லும் வாயில்களை அடைத்துவிடுவதே அது செயற்படும் முறை எனப் பின்னர் அறியப்பட்டது.

இந்நஞ்சினைப் பற்றிய அண்மைக்கால ஆய்வுகள் நமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாதவை. பேத்தை தன் நஞ்சினைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. சில பற்றீரியாக்கள் ஆக்கும் நஞ்சு, அவற்றையுடைய சிற்றுயிர்களைத் தின்பதன் வாயிலாக மீனின் உடலிற் சேர்கின்றது. நஞ்சற்ற உணவு கொடுத்து முட்டைப் பருவத்திலிருந்து வளர்க்கப்பட்ட பேத்தைகளில் நஞ்சு காணப்படுவதில்லை, அல்லது மிகக் குறைவாகவே காணப்படுகின்றது. எனவே, மீனவர் கண்ட நஞ்சு அம்மீன் வாழ்ந்த நீரின் வரலாற்றையே தாங்கி நின்றது எனலாம். நீரை விடுத்துப் பேத்தையைத் தனியே அறிதல் இயலாது என்னும் உண்மை அதன் நஞ்சிலேயே தொடங்கிவிடுகின்றது.

மதுசாரப் போத்தலில் அடைந்த மீன்

தென்னாசிய மீன்களைப் பற்றிய மேனாட்டு அறிவு, உயிரற்ற மீனிலிருந்தே தோன்றியது. தரங்கம்பாடியில் இருந்த தென்மார்க்க மிசனைச் சேர்ந்த கிறித்தோப் சாமுவேல் ஜோன் என்னும் பாதிரியார், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சோழமண்டலக் கரையில் அகப்பட்ட மீன்களைப் பேர்லினில் இருந்த மார்க்குஸ் பிளொக் என்னும் மருத்துவருக்கு அனுப்பிவந்தார். பிளொக் அவற்றை ஆராய்ந்து ஓவியங்களோடு நூலாக்கினார். மீன்வகை ஒன்றுக்கு ஜோனின் பெயரையும் இட்டார். தமிழ் மீனவரின் வலையிற் சிக்கியவை ஐரோப்பிய நூல்நிலையங்களிற் படமாக வாழத் தொடங்கிய காலம் அது.

நன்னீர்ப் பேத்தை என்னும் பெயரின் தோற்றத்தை அறிதற்குப் பிரான்சிஸ் புக்கானன் ஹமில்ரனை நாடவேண்டும். ஸ்கொத்லாந்து நாட்டவராகிய இவர் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர். 1800ஆம் ஆண்டிற் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளினூடே பயணஞ்செய்தார். பின்னர் வங்காளத்திற் பணிபுரிந்த காலத்தில் கங்கையாற்று மீன்களைத் திரட்டி, 1822ஆம் ஆண்டில் எடின்பரோவில் தமது நூலை வெளியிட்டார். அந்நூலில் மூன்று பேத்தைகள் முதன்முதலாக விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கு அவர் ‘புளுவியாத்திலிஸ்’ எனப் பெயரிட்டார். ‘ஆற்றுக்குரியது’ என்பது அதன் பொருள்.

இப்பெயர் பிற்காலத்தில் விளைத்த மயக்கம் சிறிதன்று. பச்சையும் மஞ்சளும் கலந்த முதுகிற் கரும்புள்ளிகள் பொருந்திய இம்மீன் ஆற்றின் கீழ்ப்பகுதிகளிலும், அலையேற்றத்தாற் கடல்நீர் வந்து கலக்கும் கழிமுகங்களிலும் வாழ்வது. கங்கைபோன்ற பேராறு ஒன்றின் முகத்துவாரத்தில் ஆறு முடிவது எங்கே, கடல் தொடங்குவது எங்கே என வரையறுத்தல் எளிதன்று. பெயரோ ஆற்றோடு ஒட்டிக்கொண்டது. அதே 1822ஆம் ஆண்டில் மரியோன் த புரோசே என்பார் விவரித்த ‘நைக்ரோவிரிடிஸ்’ என்னும் மற்றொரு பச்சைப் பேத்தையும் இதனோடு உருவத்தில் மிக நெருங்கியது. இலங்கை முதல் இந்தோனேசியா வரையும் பரந்து வாழ்வது. இவ்விரண்டும் நூல்களில் நெடுங்காலம் ஒன்றாகவே மயங்கிக் கிடந்தன. மிகச் சிறிய மரபணுத் தொகுதி உடைமையால், 2004ஆம் ஆண்டில் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்ட முதுகெலும்பிகளுள் ஒன்றாகும் பேறு இந்தப் பச்சைப் பேத்தைக்குக் கிட்டியது. அத்துணைப் புகழ் பெற்ற மீனையும் கடைகள் ‘நன்னீர் மீன்’ என்றே விற்றுவந்தமை வியப்புக்குரியது.

வாறிங்ரனின் சமநிலை

உயிருள்ள மீனை நெடுநாள் வைத்து நோக்குதற்குரிய கண்ணாடித் தொட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கம். கிண்ணத்திலும் குளத்திலும் தங்கமீன் வளர்த்தல் சீன நாட்டிற் பழைய வழக்கமே. எனினும் அங்கு நீர் அடிக்கடி மாற்றப்படவேண்டியிருந்தது. இலண்டன் நகரத்து வேதியியலாளர் ரொபேட் வாறிங்ரன் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. தொட்டியொன்றில் இரண்டு தங்கமீன்களையும் நீர்த்தாவரம் ஒன்றையும் அவர் வைத்தார். தாவரம் வெளியிடும் ஒட்சிசனை மீன் பெற்றது. ஆயின், அழுகிய இலைகளால் நீர் கலங்கிற்று. அப்பொழுது அவர் நீர்நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு உணவாயின, நீர் தெளிந்தது. மீன், தாவரம், நத்தை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கிநிற்கும் இச்சமநிலையே வீட்டுத் தொட்டியின் அடிப்படையாயிற்று.

இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853ஆம் ஆண்டில் மீன்களுக்கெனத் தனிக் கண்ணாடிக்கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் இப்பழக்கத்தை இல்லந்தோறும் கொண்டுசென்றது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்கென ஒரு மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்படும்வரை பலரும் அதனைக் கண்டு மகிழ்ந்தனர். கடலில் வலையிழுப்போர் அன்றாடம் கண்ட மீன்களைக் கண்ணாடிக்கு அப்பால் நீந்தக் காணுதல் நகரத்தாருக்குப் புதுமையாக இருந்தது.

பேத்தையின் வரவு வாறிங்ரனின் சமநிலையைத் தலைகீழாக்கியது. அவருடைய தொட்டியில் நீரைத் தூய்மை செய்த நத்தையே பேத்தைக்கு விருப்பமான உணவு. தொட்டியிலுள்ள நத்தைகளைச் சில நாட்களில் அது தின்று தீர்த்துவிடும். உடன் வாழும் மீன்களின் செட்டைகளைக் கடித்துக் குதறுவதும் அதன் இயல்பு. மற்றைய மீன்களைப் போல உடலை மூடும் செதில்கள் இல்லாமையால், நீரிற் கலக்கும் அழுக்கினாலும் மருந்துகளாலும் எளிதில் ஊறுபடுவது. ஊனையே உண்பதாற் கழிவும் மிகுதி. கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவைப் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. இப்பற்றீரியாக்கள் வடிகட்டியிற் குடியேறிப் பெருகுதற்குச் சில வாரங்கள் செல்லும். அதற்குமுன் பேத்தையைப் புதுத் தொட்டியில் விடுவோர் சில நாட்களில் அதனை இழப்பர். மீனை வாங்குதற்கு ஒரு திங்கள் முன்னரே நீரை ஆயத்தஞ்செய்தல் வேண்டும் என்பர் அனுபவமுடையோர்.

இவ்வளவு இடர் இருந்தும் பலர் பேத்தையை விரும்பியமைக்குக் காரணம் உண்டு. இரு கண்களையும் வெவ்வேறு திசையிற் சுழற்றி நோக்குவதும், உணவு கொண்டுவருபவர் தொட்டியை அணுகியதும் கண்ணாடியருகே வந்து நிற்பதும், இரையைச் சுற்றிவந்து நிதானித்துப் பாய்வதும் ஏனைய தொட்டி மீன்களில் அரிதாகக் காணப்படுவன. போத்தலில் அடைபட்ட மீன் தன் பற்களின் எண்ணிக்கையை மாத்திரமே அறிஞருக்குச் சொன்னது. உயிருள்ள மீன் தன் இயல்பு முழுவதையும் காட்டியது.

பம்பையாற்றுச் சிறுமீன்

மெய்யான நன்னீர்ப் பேத்தை ஒன்று தமிழகத்துக்கு அயலிலேயே இருந்தது. மேற்குத் தொடர்ச்சிமலையிலிருந்து மேற்கே பாயும் ஆறுகளிலும் அவற்றைச் சார்ந்த நீர்நிலைகளிலும் வாழும் இது, முழு வளர்ச்சியிலும் ஓரங்குல அளவினது, 3.5 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்வதில்லை. 1800ஆம் ஆண்டில் மலையாள நாட்டைக் கடந்து சென்ற ஹமில்ரன் இதனைக் குறித்தாரல்லர். கொச்சியில் மருத்துவராயிருந்து 1865ஆம் ஆண்டில் மலையாளக் கரை மீன்களைப்பற்றித் தனிநூலே எழுதிய பிரான்சிஸ் டேயும் இதனை விவரித்தாரல்லர். உணவுக்கும் உதவாது, வலைக்கண்ணுக்கும் தப்பும் சிறுமீன் அறிஞரின் கண்ணுக்கும் தப்பியது இயல்பே. 1941ஆம் ஆண்டில் சுந்தர் லால் ஹோராவும் கே. கே. நாயரும் பம்பையாற்றிலிருந்து கிடைத்த மீன்களைக்கொண்டு இதனை விவரித்து, திருவிதாங்கூர் நாட்டின் பெயரையே ‘திராவன்கோரிக்கஸ்’ என அதற்குச் சூட்டினர். இந்திய மீன்களுக்கு இந்தியரே பெயரிடும் காலம் அப்பொழுது வந்துவிட்டிருந்தது.

இம்மீனின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. கொழும்பில் இருந்து வெளிவந்த தென்னாசிய இயற்கை வரலாற்று ஆய்விதழ் ஒன்றில், 1999ஆம் ஆண்டில் ரால்ஃப் பிரிற்ஸ், மொரிஸ் கொத்தலா ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. இந்தியாவிலிருந்து கிடைத்த இன்னொரு சிறுபேத்தையை அவர்கள் அதில் விவரித்தனர். திருவிதாங்கூர்ப் பேத்தையை மிகவும் ஒத்திருந்தமையால் ‘போலி செய்வது’ எனப் பொருள்படும் ‘இமிற்றேற்றர்’ என்னும் பெயரை அதற்கு இட்டனர். ஒரே மீனென்று எண்ணி வாங்கப்படுபவை இரு வேறு இனங்களாக இருத்தல் கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

அறிவியல் இம்மீனை அறிந்து அரைநூற்றாண்டு கழிந்தபின்னரே வாணிகம் அதனை அறிந்தது. ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் மீன்களை அடைத்து வானூர்தியில் அனுப்பும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பரவியமையே இதற்கு வழிவகுத்தது. சிறு தொட்டியிலும் வாழவல்லது, உப்பு வேண்டாதது, காண்பதற்கு இனியது என்னும் காரணங்களால் இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விரும்பப்பட்டது. விற்கப்பட்டவற்றுட் பெரும்பங்கு ஆற்றிலிருந்தே பிடிக்கப்பட்டன. நீர்நிலைகள் கெடுதலும் இதனோடு சேர, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் பட்டியலிற் சேர்த்தது. பெயர் பெற்று ஒரு நூற்றாண்டும் நிறையாத மீனொன்று இந்நிலையை அடைந்தமை எண்ணிப்பார்த்தற்குரியது.

எனவே ‘நன்னீர்ப் பேத்தை’ என்னும் ஒரு பெயரின்கீழ் இருவகை மீன்கள் விற்கப்பட்டுவந்தன. ஒன்று, பெயரளவில் ஆற்று மீனாயினும் வளர வளர உவர்நீரை வேண்டும் பச்சைப் பேத்தை. நன்னீர்த் தொட்டியில் அது சில திங்கள் வாழ்ந்து, பின்னர் நோயுற்று வாடும். பதினைந்து சென்ரிமீற்றருக்கும் மேல் வளரக்கூடிய அதற்குப் பெருந்தொட்டியும் வேண்டும். மற்றையது, நன்னீருக்கே உரியதாயினும் தன் ஆறுகளிலே அருகிவரும் சிறுபேத்தை. முதலாவதை அறியாது வாங்குபவர் மீனுக்கு இடர் செய்கின்றனர். இரண்டாவதை அறியாது வாங்குபவர் ஆற்றுக்கு இடர் செய்கின்றனர்.

ஆறில்லாக் குடாநாட்டின் நீர்

பேத்தைக்கு எந்நீர் உரியது என்னும் வினா, யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேறெங்கும் இல்லாத கூர்மை பெறுகின்றது. இங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கியாறே ஆறெனப்படுகின்றது. மயோசீன்காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கித் தேங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மீது வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கண்ட பொதுவிதி. மேலேயுள்ள ஓரடியை இறைத்துவிட்டால் கீழிருந்து நாற்பதடி உவர் மேலேறும் என்பதும் அவ்விதியிலேயே அடங்கும். இராமன் அம்பினால் உண்டாயிற்று என மக்கள் கூறும் நிலாவரைக் கிணற்றில், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இவ்வுண்மைக்கு யாவரும் காணத்தக்க சான்று.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஒருநாளில் எடுக்கக்கூடிய நீருக்கு மனிதவலுவே எல்லையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபோது அவ்வெல்லை நீங்கியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்தன. கரையோரக் கிணறுகள் பல உவர்க்கத் தொடங்கின. தோட்டங்களுக்கு இட்ட உரத்திலிருந்து நைத்திரேற்று கிணற்று நீரிற் கலந்துள்ளமையை 1980களில் நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. மீன்தொட்டியில் இறுதியாகச் சேரும் கழிவும் அதுவே. தொட்டி நீரை வாரந்தோறும் ஓரளவு மாற்றி நைத்திரேற்றைக் குறைக்கவேண்டும் என்பது பொதுவிதி. ஊற்றும் கிணற்று நீரிலேயே அது மிகுந்திருக்குமாயின் மாற்றுவதனாற் பயனென்ன? மழைநீரைச் சேமித்துக் கலந்துகொள்ளுதல் ஒரு வழி. தொட்டிக்கு வேண்டிய இச்சிந்தனை குடிக்கும் குடத்துக்கும் வேண்டியதே.

குடாநாட்டை ஊடறுத்துக் கிடக்கும் கடனீரேரிகளை நன்னீராக்கும் எண்ணம் நெடுநாளையது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியிற் கடலை மறித்து, வன்னியிலிருந்து வரும் ஆற்றுநீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவருவது அதன் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களிலே தடுப்பணைகள் எழுந்தன. திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. போர்க்காலத்திற் கதவங்கள் பழுதுற்றன. நன்னீரை வேண்டிய உழவரும், கடல்நீரின் வரவை நம்பி இறாலும் மீனும் பிடித்தோரும் ஒரே நீரை வெவ்வேறு விதமாகப் பார்த்தனர். உவர்நீரிற் பேத்தை வாழ்வது அந்த எல்லைநீர் இன்னும் உயிரோடு இருப்பதன் அறிகுறி என்பதையும் நினைவிற்கொள்ளுதல் தகும்.

வீட்டு நீரில் மீன் வளர்த்தல் குடாநாட்டாருக்குப் புதிதன்று. நுளம்பின் குடம்பிகளைத் தின்னும் மீன்களைக் கிணறுகளில் விடும் முறையைச் சுகாதாரப் பகுதியினர் மலேரியாவுக்கு எதிராகக் கையாண்டனர். மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் புதிய நுளம்பினம் ஒன்று மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. அது கிணறுகளிற் பெருகுவது என அறியப்பட்டபோது, கிணற்று மீன் மீண்டும் தேவையாயிற்று.

அலங்கார மீன் வளர்ப்பின் கதை வேறு. அதற்கு மின்சாரமும் பாதையும் வேண்டும். 1956ஆம் ஆண்டில் ஓடத்தொடங்கிய யாழ்தேவி 1990ஆம் ஆண்டில் நின்றது. மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014ஆம் ஆண்டில். 1990இற்குப் பின்னர் குடாநாடு தேசிய மின்தொடரிலிருந்து நெடுங்காலம் விலகியிருந்தது. 2002இல் திறந்த கண்டி வீதி 2006இல் மூடி 2009இல் மீண்டும் திறந்தது. ஒட்சிசன் அடைத்த பையில் ஓரிரு நாள் மட்டுமே உயிர்தாங்கும் மீன் இக்காலத்திற் கொழும்பிலிருந்து வருதல் எங்ஙனம்? இரவு முழுவதும் ஓடவேண்டிய வளியூட்டியும் வடிகட்டியும் இயங்குதல் எங்ஙனம்? மண்ணெண்ணெய் விளக்கில் மாணவர் படித்த வீடுகளில் மீன்தொட்டி வெறுங் கண்ணாடியாயிற்று. ஒரு சமுதாயத்தில் அமைதி எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை அளக்க, நாளுக்கு இருமுறை உணவும் இடையறாத மின்சாரமும் வேண்டும் இச்சிறு மீன்தொட்டியும் ஓர் அளவுகோலே.

வளர்ப்போர் கொள்ளவேண்டியன

மேற்கூறிய வரலாற்றிலிருந்து வளர்ப்போர்க்குரிய நெறிகள் தாமே பெறப்படுகின்றன. வாங்கும் மீன் எவ்வினத்தது, எந்நீருக்குரியது, வளர்ப்பகத்திற் பிறந்ததா, ஆற்றிற் பிடிபட்டதா என முதலில் வினவுதல் வேண்டும். திருவிதாங்கூர்ச் சிறுபேத்தை தொட்டியில் இனம்பெருக்கக்கூடியது. ஆணின் வயிற்றில் நீளவாட்டிற் கருங்கோடும் கண்ணின் பின்னே சுருக்கங்களும் தோன்றும். பெண், பாசியின் நடுவே முட்டையிடும்; ஏறத்தாழ ஐந்து நாட்களிற் குஞ்சு பொரிக்கும். ஆகவே, ஆற்றினை வெறுமையாக்காமல் இம்மீனைப் பெறுதல் இயலாததன்று. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்டபின் அலங்கார மீன் வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டு வருகின்றது. அத்தகைய ஊக்கம் இவ்வழியிற் செல்லுமாயின் நன்று.

உலர்ந்த உணவை இம்மீன் பெரும்பாலும் தீண்டாது. குளத்துச் சிறுநத்தையும் புழுவும் நுளம்புக் குடம்பியும் இதற்கு ஏற்றவை. ஆனால், குடம்பிக்காக வாளியில் நீரைத் தேக்கிவைத்தல் ஆகாது. நுளம்பு பெருக இடமளித்தலை 2007ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியுள்ளது. டெங்குக் காய்ச்சல் பல உயிர்களைக் கொள்ளைகொண்ட நாட்டில் அச்சட்டம் இன்றியமையாதது. தனித் தொட்டியொன்றில் நத்தை வளர்த்தலே தக்க வழி. குடாநாட்டு நீரிலுள்ள கல்சியம் நத்தையின் ஓட்டுக்கு உறுதி தருவது.

வளர்த்துச் சலித்தபின் மீனைக் கேணியிலோ குளத்திலோ விடுதல் பெருந்தவறு. தொட்டிக்கெனக் கொண்டுவரப்பட்ட அகன்ற கத்திமீன் இலங்கையின் மேற்கு நீர்நிலைகளிற் பெருகிச் சுதேச மீன்களுக்குப் பகையானதை நாடறியும். நீர்நிலைகள் ஒன்றோடொன்று தரைக்கீழ் இணைந்திருக்கும் சுண்ணாம்புக்கல் நாட்டில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

இதுகாறும் நோக்கியவற்றால், பேத்தையின் வரலாறு நீரைப் பற்றிய மனித அறிவின் வரலாறாகவும் அமைதல் தெளிவாகின்றது. மீனவர் அதன் நஞ்சை அறிந்தனர். ஹமில்ரன் அதன் வடிவை அறிந்தார். ஹோராவும் நாயரும் அதன் ஆற்றை அறிந்தனர். வணிகர் அதன் விலையை அறிந்தனர். இவ்வறிவுகள் ஒன்று சேராதவிடத்து மீனும் கெட்டது, ஆறும் கெட்டது. உவர்மீது மிதக்கும் நன்னீரை நம்பி வாழும் குடாநாட்டார்க்கு இப்பாடம் பிறர்க்கு உரைக்கும் அறிவுரையன்று. சிறிய தொட்டி ஒன்றில் நீர் எவ்வாறு தூய்தாகின்றது, எவ்வாறு கெடுகின்றது என்பதை நாள்தோறும் நோக்கும் இளைஞன், தன் வீட்டுக் கிணற்றையும் அதே கண்ணோடு நோக்கக் கற்பானாயின், நாற்பதடி நன்னீர் அடுத்த தலைமுறைக்கும் எஞ்சும்.